மின்சாரம் வந்த வழி – 9: பனிக்கட்டி பட்ட கம்பி

1821-ஆம் ஆண்டு. சர் ஹம்ப்ரி டேவி நான்கைந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்றைப் பேட்டரியோடு இணைத்து மின்சாரத்தைச் செலுத்துகிறார். கம்பி முழுதும் செக்கச்செவேலென்று கனல்கிறது. இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. வோல்டாவின் அடுக்கு வந்த நாளிலிருந்தே கம்பியைக் கனலவைப்பது வேடிக்கை காட்டுகிறவர்கள்கூடச் செய்த வேலைதான்.

டேவி அடுத்துச் செய்ததுதான் புதிது. ஸ்பிரிட் விளக்கின் சுடரைக் கம்பியின் ஓரிடத்தில் மட்டும் காட்டினார். அந்த இடம் சிவப்பு மாறி வெள்ளையாகக் கனன்றது. அதே நொடியில் கம்பியின் மற்றப் பகுதி முழுதும் கனல் அடங்கிக் கறுத்துவிட்டது. விளக்கை எடுத்துவிட்டுப் பனிக்கட்டித் துண்டு ஒன்றை ஓரிடத்தில் வைத்தார். இப்போது எல்லாம் தலைகீழ். பனிக்கட்டி பட்ட இடம் குளிர்ந்தது. படாத இடமெல்லாம் சிவப்பிலிருந்து வெள்ளைக் கனலுக்கு ஏறியது.

ஓரிடத்தைக் குளிரவைத்தால் இன்னோரிடம் ஏன் கொதிக்க வேண்டும்?

கம்பி சூடானால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறைகிறது, குளிர்ந்தால் கூடுகிறது என்று டேவி கண்டுகொண்டார். இன்றைய சொற்களில் சொன்னால் இப்படி: பனிக்கட்டி பட்ட இடத்தில் மின்தடை குறைகிறது. கம்பி முழுவதும் ஒரே பாதை என்பதால் மொத்தத் தடையும் குறைந்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து கூடுதல் மின்னோட்டம் பாய்கிறது. அந்தக் கூடுதல் ஓட்டம் பனிக்கட்டி படாத பகுதி வழியாகவும் போயாக வேண்டுமே, அதனால் அங்கே சூடு ஏறுகிறது. சுடர் காட்டியபோது நடந்தது இதற்கு நேர்மாறு. எண்ணெய்க்குள் அமிழ்த்திக் குளிர்ச்சியாக வைத்த பிளாட்டினக் கம்பி இரண்டு பேட்டரிகளின் மின்சாரத்தைக் கடத்தியதையும், அதே கம்பி காற்றில் கனன்றபோது ஒரு பேட்டரியின் மின்சாரத்துக்கே திணறியதையும் டேவி ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

அந்தக் கட்டுரை அதிகம் பேசப்படவில்லை. சென்ற இதழில் பார்த்த ஊர்ஸ்டெட்டின் காந்த ஊசிதான் அப்போது ஐரோப்பா முழுவதையும் ஆட்டிக்கொண்டிருந்தது. டேவியின் கட்டுரையே காந்த விளைவைப் பற்றித் தொடங்கி, போகிற போக்கில் இந்தச் சோதனைகளுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய பழைய உதவியாளர் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி வட்டமிடவைத்தார். சுழலும் கம்பி இருக்கும்போது கறுத்துப்போகும் கம்பியை யார் பார்ப்பார்கள்?

ஆனால் காலக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்று பள்ளியில் முதலில் படிக்கிறோம். அந்தத் தடை மாறாதது என்றே நம்மை நம்பவைத்து, சூடேறினால் மாறும் என்பதைப் பின்னால் ஓர் அடிக்குறிப்பாகச் சொல்வார்கள். வரலாற்றில் அடிக்குறிப்புதான் முதலில் வந்தது. ஓம் தன் விதியை நூலாக வெளியிட இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன. தடை என்று அளக்கத்தக்க ஒன்று இருப்பதே தெளிவாகாத நாளில், அது நிலையில்லாதது என்பதை டேவி கண்ணால் பார்த்துவிட்டார்.

கியோர்க் சைமன் ஓம் கொலோன் நகரில் ஒரு பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். கம்பியின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவைத் தேடி 1825-இல் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறாகப் போனது. குற்றம் கணக்கில் இல்லை, பேட்டரியில் இருந்தது. அந்தக் கால மின்கலங்கள் இணைத்தவுடன் ஒரு வேகத்தில் பாயும், சில நிமிடங்களில் சோர்ந்துவிடும். ஆய்விதழ் ஆசிரியரான போகன்டார்ஃப் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுவிடுங்கள், சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துங்கள்.

பிஸ்மத் துண்டு ஒன்றைச் செம்போடு இரு முனைகளில் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால் மெல்லிய மின்னழுத்தம் பிறக்கும். வெந்நீர் கொதித்துக்கொண்டும் பனிக்கட்டி உருகிக்கொண்டும் இருக்கும்வரை அது அசையாது. 1826-இல் ஓம் வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அளந்தார். இம்முறை எண்கள் வரிசையில் வந்து நின்றன. 1827-இல் நூல் வந்தது.

போகன்டார்ஃப்பின் யோசனை, அவர் நினைத்ததைவிட அதிகமாகவே உதவியது என்பது என் எண்ணம். வெப்ப மின்னிரட்டை தரும் மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. அந்தச் சிறு ஓட்டத்தால் கம்பி சூடேறவே இல்லை. டேவியின் பெரும் பேட்டரிகளைப் போல ஒன்று ஓமின் மேசையில் இருந்திருந்தால், மின்னோட்டம் கூடக்கூடத் தடையும் கூடி, நேர்கோட்டில் வரவேண்டிய கணக்கு வளைந்து போயிருக்கும். ஓம் விதி பிறக்கக் கம்பி குளிர்ந்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் ஓமின் நூலுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் அவர் பெயர் நிமிர்ந்தது. அதே 1841-இல், அதே சொசைட்டி சுருக்கத்தை மட்டும் போட்டுத் தள்ளிவைத்த ஒரு கட்டுரை வேறோர் இதழில் முழுதாக வெளிவந்தது. எழுதியவர் ஒரு பீர் ஆலை வீட்டுப் பிள்ளை.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், மான்செஸ்டருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சால்ஃபோர்டில் 1818 டிசம்பர் 24 அன்று பிறந்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. அணுக் கொள்கை தந்த ஜான் டால்ட்டன் அவருக்கும் அண்ணனுக்கும் வீட்டுப் பாடம் நடத்தினார். ஜூல் மின்சாரத்துக்கு வந்தது தத்துவம் தேடி அல்ல. ஆலையின் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு மின் மோட்டாரை வைக்கலாமா என்ற வியாபாரக் கேள்வியோடுதான் வந்தார். பேட்டரியில் கரையும் துத்தநாகத்துக்கும் அடுப்பில் எரியும் நிலக்கரிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பவுண்டு நிலக்கரியைக் கொண்டு நல்ல கார்ன்வால் எந்திரம் செய்யும் வேலையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு பவுண்டு துத்தநாகத்தில் கிடைத்தது. துத்தநாகத்தின் விலையோ பல மடங்கு. மோட்டார் கனவு அதோடு கலைந்தது. ஆனால் சுருள்களில் வீணாகும் சூடு எவ்வளவு, அது எதைப் பொறுத்தது என்ற கேள்வி அவரை விடவில்லை.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வெப்பமானி கைப்பழக்கம். ஊறல் ஓரிரு டிகிரி தப்பினால் சரக்கே போய்விடும். ஜூலின் சோதனைகளில் உள்ள நுட்பத்துக்கு அந்த ஆலைப் பழக்கத்தையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு.

சோதனை எளிமையானது. கம்பியை மெல்லிய கண்ணாடிக் குழாய்மேல் சுற்றி, அளந்த நீர் நிரம்பிய சாடிக்குள் அமிழ்த்தினார். குறித்த நேரம் மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் வெப்பம் எவ்வளவு ஏறியது என்று பார்த்தார். மின்னோட்டத்தை அளக்க ஆம்பியர் என்ற அலகு அப்போது கிடையாது. ஒரு மணி நேரத்தில் 9 கிரெயின் நீரைப் பிரிக்கக்கூடிய மின்சாரத்தை ஒரு அளவாக அவரே வைத்துக்கொண்டார். அதற்கு ஏற்ப அளவிட்ட கால்வனாமீட்டரையும் தானே செய்தார்.

முதலில் ஒரே நீளமுள்ள தடித்த கம்பியையும் மெல்லிய கம்பியையும் இரண்டு சாடிகளில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். மெல்லிய கம்பி இருந்த சாடி அதிகம் சூடேறியது. இரு சாடிகளின் சூடும் இரு கம்பிகளின் தடையும் ஒரே விகிதத்தில் இருந்தன. உலோகம் எது, கம்பி தடிப்பா மெலிவா என்பதெல்லாம் பொருட்டில்லை, தடை எவ்வளவு என்பதே கேள்வி. அடுத்து மின்னோட்டத்தை மாற்றிப் பார்த்தார். ஓட்டம் இரட்டித்தபோது சூடு இரட்டிக்கவில்லை, நான்கு மடங்கானது. மும்மடங்குக்கு ஒன்பது மடங்கு.

ஏன் வர்க்கம்? ஒரு கம்பியில் இரண்டு மடங்கு ஓட்டத்தைச் செலுத்த வேண்டுமென்றால் இரண்டு மடங்கு மின்னழுத்தம் கொடுக்க வேண்டும் என்கிறது ஓம் விதி. இரண்டு மடங்கு மின்சாரம், ஒவ்வொரு துளிக்கும் இரண்டு மடங்கு உந்துதல், ஆக நான்கு. ஓமின் விதி ஜூலின் விதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

1840 டிசம்பரில் இந்தக் கட்டுரை ராயல் சொசைட்டியின் முன் வந்தபோது ஜூலுக்கு 22 வயது நிறைய ஒரு சில நாட்களே இருந்தன. சொசைட்டி தன் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு சுருக்கத்தைப் போட்டதோடு சரி. முழுக் கட்டுரையை மறு ஆண்டு ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ வெளியிட்டது.

கவனிக்க வேண்டியது, ஜூலின் கம்பியும் குளிர்ந்தே இருந்தது. நீருக்குள் கிடந்ததால் அதன் சூடு சில டிகிரிகளுக்குள் அடங்கியது; தடை ஏறக்குறைய அசையாமல் நின்றது. ஓம் சிறு மின்னோட்டத்தாலும் ஜூல் தண்ணீராலும் டேவியின் தொல்லையை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள் என்று சொல்லலாம். இரண்டு விதிகளும் அவ்வளவு சுத்தமாக வந்ததற்கு அதுவும் காரணம்.

அந்தத் தொல்லையை நேருக்கு நேர் நின்று அளந்தவர் ஒருவர் உண்டு. தோர்பாட் நகரில் பிறந்து, இளம் வயதில் கோட்சபூவின் கப்பலில் உலகைச் சுற்றிவந்து, பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியரான ஹைன்ரிக் லென்ஸ். தூண்டு மின்னோட்டத்தின் திசை பற்றிய விதியால் அவர் பெயர் நமக்குத் தெரியும். 1830-களின் தொடக்கத்திலேயே அவர் செம்பு, வெள்ளி, இரும்பு, பிளாட்டினம் போன்ற உலோகங்களைச் சூடாக்கி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கடத்துதிறன் எவ்வளவு குறைகிறது என்று எண்களோடு பட்டியலிட்டார். டேவி கண்ணால் பார்த்ததை லென்ஸ் கணக்காக்கினார். 1840-களின் தொடக்கத்தில், ஜூலைச் சாராமல் தன் வழியில், கம்பியில் பிறக்கும் சூட்டின் விதியையும் நிறுவினார். ரஷ்யப் பாடநூல்களில் இன்றும் அது ஜூல்–லென்ஸ் விதி. நம் பாடநூல்கள் இங்கிலாந்து வழியாக வந்ததால் லென்ஸ் பாதியில் இறங்கிவிட்டார்.

தடை ஏன் கூடுகிறது என்பதற்கு அந்த நால்வரில் யாரிடமும் விடை இல்லை. எலக்ட்ரான் 1897-இல் வந்தது. சரியான விளக்கம் குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு, 1920-களின் கடைசியில். உலோகத்தின் அணுக்கள் தத்தம் இடத்தில் அதிர்ந்துகொண்டிருக்கின்றன, சூடு ஏறினால் அதிர்வு பெருகுகிறது. அசையாமல் நிற்கும் கூட்டத்துக்குள் புகுந்து போய்விடலாம், கரகாட்டம் ஆடும் கூட்டத்துக்குள் இடிபடாமல் போக முடியுமா? எலக்ட்ரான்களின் பாடும் அதுதான். செம்பில் ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் தடை சுமார் 0.4 சதவீதம் ஏறும்.

சின்ன எண்ணாகத் தோன்றும். மோட்டார் பரிசோதிக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஓடும் மோட்டாரின் காயிலுக்குள் வெப்பமானியைச் செருக முடியாது. ஓடுமுன் 30 டிகிரியில் காயிலின் தடை 10 ஓம், நன்றாக ஓடி நிறுத்தியவுடன் 12 ஓம் என்றால், செம்புக்குரிய சூத்திரத்தில் போட்டு காயில் சுமார் 53 டிகிரி ஏறி 83-ல் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். மீட்டரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இந்தத் தந்திரத்தை முதலில் கையாண்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் சீமென்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பெர்லினில் தந்தித் தொழில் நடத்திய வெர்னர் சீமென்ஸின் தம்பி. 1860-இல் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடவென்று ஒரு கடலடித் தந்தி வடம் தயாராகியிருந்தது (பின்னால் அது மால்டாவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் இடையே போடப்பட்டது என்பது வேறு கதை). மைல் கணக்கில் நீளமான வடம் கப்பலின் அடித்தளத்தில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஈரச் சணலும் இரும்பும் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள் தானாகவே சூடு கிளம்பும். சூடேறினால் காப்பாகப் பூசியிருக்கும் குட்டா பெர்ச்சாப் பிசின் இளகி வடமே வீணாகும். மேலே வைத்த வெப்பமானியோ எல்லாம் சரியென்றது.

சீமென்ஸ் காப்பிட்ட செம்புக் கம்பிச் சுருள்களை வட அடுக்குகளுக்கு நடுவே முன்கூட்டியே புதைத்து வைத்திருந்தார். அவற்றின் முனைகள் மேல்தளத்துக்கு வந்தன. தடையை அளந்தபோது உள்ளே 86 டிகிரி ஃபாரன்ஹீட் என்று தெரிந்தது. வெளிக்காற்று அதைவிட வெகு குளிர்ச்சி. குவியல்மேல் குளிர்ந்த நீரை ஊற்றச் சொன்னார். அது வெதுவெதுப்பாக வெளியே வந்தபோதுதான் பக்கத்தில் நின்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஓமும் ஜூலும் வாசலில் நிறுத்திவைத்த தொல்லைக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது அந்தக் கப்பலில்தான்.

1871-இல் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் உரையில் சீமென்ஸ் பிளாட்டினக் கம்பியால் ஆன வெப்பமானியை முன்வைத்தார். உலைச் சூட்டையே அளக்கும் என்றார். சில ஆண்டுகளில் பெயர் கெட்டது: உலைக்குள் போய்வந்த கம்பி, குளிர்ந்த பிறகும் பழைய எண்ணுக்குத் திரும்பவில்லை. 1887-இல் கேம்பிரிட்ஜில் ஹ்யூ காலண்டர் என்ற இளைஞர் அந்தக் குற்றத்தைத் துடைத்தார். கெட்டது பிளாட்டினம் அல்ல, அதைச் சுற்றியிருந்த பொருட்கள். கம்பியைத் தூய்மையாக, இறுக்கம் இல்லாமல், மைக்கா சட்டத்தில் சுற்றினால் அது வாக்கு மாறாது. இன்று பாய்லர் உள்ள ஆலைகளில் ‘ஆர்.டி.டி.’ என்று கூப்பிடுவது இதன் வாரிசைத்தான். பனிக்கட்டி உருகும் சூட்டில் 100 ஓம், நீர் கொதிக்கும் சூட்டில் 138.5 ஓம். இந்த அளவில் ஒரு நிபந்தனை உண்டு: அளக்கச் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூலின் சூடு குறுக்கே புகுந்து, வெப்பமானி தன் சூட்டையே அளந்து சொல்லும்.

இதற்குள் சூட்டைத் தேடி ஓடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். எடிசனின் விளக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு கணக்கு மட்டும் போதும். 100 வாட் ஒளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 வோல்ட்டில் கொடுத்தால் 10 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் போதும். தெருவில் புதைத்த அதே செம்பில் வீணாகும் சூடு, ஜூலின் வர்க்கக் கணக்கின்படி, முதல் வழியில் நூறு மடங்கு. எடிசன் தடை மிகுந்த மெல்லிய இழையைத் தேடியதற்கும், 1879-இல் கரியாக்கிய பருத்தி நூலில் வந்து நின்றதற்கும் காரணம் இதுதான். நியூகாசில் ஜோசப் ஸ்வான் அதே ஆண்டு தொடக்கத்தில் காட்டிய விளக்கில் இருந்தது தடித்த, தடை குறைந்த கரிக்கோல். விளக்காக அதில் குறையில்லை. ஒரு தெருவுக்கு அதை வைத்து விநியோகம் செய்யச் செம்பு கட்டுப்படியாகாது.

கரி உலோகத்தைப் போல நடக்காது. சூடேறினால் அதன் தடை குறையும். மின்னழுத்தம் சற்று ஏறினாலும் ஓட்டம் அதைவிட அதிகமாக ஏறி விளக்கு துள்ளும். இந்தக் குணத்தின் உச்சம், 1897-இல் கோட்டிங்கன் பேராசிரியர் வால்டர் நெர்ன்ஸ்ட் காப்புரிமை வாங்கிய விளக்கு. சிர்கோனியா போன்ற ஆக்சைடுகளால் ஆன சிறு கோல் அதில் எரியும் பாகம். குளிர்ந்திருந்தால் அது மின்சாரத்தையே கடத்தாது; தனியே சூடேற்றிக்கொடுத்தால்தான் கடத்தத் தொடங்கும். கடத்தத் தொடங்கினால் தானே சூடேறும். சூடேறினால் தடை சரியும். தடை சரிந்தால் ஓட்டம் பெருகும். பெருகினால் இன்னும் சூடு. சும்மா விட்டால் சில நொடிகளில் கோல் உருகிவிடும்.

நெர்ன்ஸ்ட் விளக்கில் அதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். ஹைட்ரஜன் நிரப்பிய சிறு கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய இரும்புக் கம்பி. அதைக் கோலோடு தொடராக இணைத்தார்கள். ஓட்டம் கூடினால் இரும்பு சூடேறும், அதன் தடை விறுவிறுவென்று ஏறி ஓட்டத்தை மடக்கும். கோலின் தடை இறங்குவதை இரும்பின் தடை ஏறி ஈடுகட்டியது. டேவியின் சோதனையில் ஸ்பிரிட் விளக்கு செய்த வேலையை இங்கே மின்னோட்டமே தனக்குத் தானே செய்துகொண்டது. பெர்லின் ஏ.இ.ஜி. நிறுவனம் காப்புரிமையைப் பெரும் தொகைக்கு வாங்கியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் தன் அரங்கை இந்த விளக்குகளால் ஒளிரவைத்தது.

விற்பனைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே டங்ஸ்டன் இழை வந்து நெர்ன்ஸ்ட் விளக்கைத் தள்ளிவிட்டது. டங்ஸ்டன் உலோகம், சூடேறினால் தடை ஏறும் இனம். 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது 40 ஓம் அளவில்தான் இருக்கும். சுவிட்ச் போட்ட கணத்தில் வழக்கமானதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்துவிடுகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ‘டப்’பென்று ஃபியூஸ் போனதற்கு அதுவே காரணம். அந்த ஒரு கணத்தைத் தாண்டிவிட்டால் இழை தன் ஓட்டத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். குமிழுக்குள் இரும்புக் கம்பியைத் தனியாக அடைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

தொட்டால் உடையும் டங்ஸ்டனை முடியைவிட மெல்லிய கம்பியாக இழுப்பதற்கு வில்லியம் கூலிட்ஜ் பட்ட பாடு அடுத்த இதழில்.